கை தூக்காத படை

“மேடம், என்னைப் படையை விட்டு அனுப்பிடுங்க” என்றார் ஹவில்தார் செங்கோடன்.

கேப்டன் நாச்சியார் பூட்ஸ் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். செங்கோடனைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் அந்த மலைநாட்டுப் படையில் எல்லோருக்கும் ஆசான் அவர்தான்.

“என்ன செஞ்சீங்க?”

“கை தூக்கிட்டேன்.”

நாச்சியாரின் விரல்கள் நின்றன.

அந்தப் படையில் அது லேசான பேச்சு இல்லை. அவர்கள் நாட்டுக் கொடியைத் தோளுக்குக் கீழே, சட்டைக் கையில் தைத்து அணிவார்கள். பச்சைத் துணியில் வெள்ளை மலை. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மலை தலைகீழாகிவிடும். சரணடைகிறவன்தான் இரண்டு கையையும் தூக்குவான். அதனால் கொடி கவிழக் கூடாது என்பது அவர்கள் சத்தியம். இதுவரை நடந்த மூன்று போரிலும் ஒருவர்கூடத் தூக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் மீசையை முறுக்கிக்கொண்டு இந்தப் பெருமையைச் சொல்வதில் செங்கோடனை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது மீசை தொங்கிக் கிடந்தது. சட்டையிலிருந்து பிரித்த கொடியை மேஜைமேல் வைத்தார். அதில் இன்னும் ஈரம் காயவில்லை.

“யாருக்கு முன்னாடி தூக்கினீங்க?”

“ஆத்துக்கு முன்னாடி, மேடம்.”

“புரியும்படி சொல்லுங்க.”

“நேத்து வெள்ளத்துல கீழத்தெருவே மூழ்கிப்போச்சு. ஒரு வீட்டுல கைக்குழந்தை. சோத்து அண்டாவுல படுக்கவெச்சுத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டேன். எனக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி. பள்ளிக்கூட மேடு வர்ற வரைக்கும் இறக்க முடியல. அரை மணி நேரம், மேடம். அரை மணி நேரமும் கொடி தலைகீழா இருந்துச்சு.”

“குழந்தை?”

“அண்டாவுக்குள்ளேயே தூங்கிடுச்சு.”

“யாராவது பார்த்தாங்களா?”

“மொட்டை மாடியில நின்ன ஊரே பார்த்துச்சு.” சொல்லும்போதே அவமானத்தில் குரல் உடைந்தது.

நாச்சியார் ஊசி நூல் எடுத்து வந்து, கொடியைச் செங்கோடனின் சட்டைக் கையில் தானே தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“வாங்க.”

அணிவகுப்பு மைதானத்தில் நூற்றிருபது பேர் நின்றார்கள். சத்தியம் தவறியவனின் கொடியை எல்லோர் முன்னாலும் பிடுங்குவதுதான் அங்கே விதி. அதற்குத்தான் தைத்திருக்கிறார் என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார்.

“நேத்து மாதிரியே கை தூக்குங்க.”

“வேணாம், மேடம்.”

“தூக்குங்க.”

தூக்கினார். மலை கவிழ்ந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“கொடிக்கு சல்யூட்!”

பூட்ஸுகள் ஒரே சத்தமாகச் சேர்ந்தன. செங்கோடன் கண்ணைத் திறந்தார். நூற்றிருபது கைகள் நெற்றியில் இருந்தன. அவர்களுக்கு முன்னால் நாச்சியாரின் கை.

செங்கோடன் என்ன செய்வதென்று தெரியாமல், கூச்சத்தோடு கைகளை மெல்ல இறக்கப் பார்த்தார்.

“இறக்காதீங்க, ஹவில்தார்” என்றார் நாச்சியார். “நாங்க இன்னும் முடிக்கல.”