மச்சாதுவா, முத்துச்செல்வனா?

தூத்துக்குடியில் செலஸ்டின் டீச்சரிடம் அம்பயர் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் கோமதிநாயகம்தான் வயதில் மூத்தவர். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் அவரைவிடப் பல வருடங்கள் இளையவர். ஆனாலும் வகுப்பில் கோமதிநாயகம் எழுந்து நின்றுதான் சந்தேகம் கேட்பார். டீச்சர் அவரை ‘அண்ணாச்சி’ என்று அழைப்பார்.

டீச்சர் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. மாவட்ட ஆட்டங்களுக்கு நெடுநாளாக அம்பயராக நிற்பவர். மைதானத்தில் எத்தனை பேர் கத்தினாலும் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். கோமதிநாயகம் மட்டும் ஸ்டம்புகளைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, எதையோ கேக்கணும்போல நிக்கிறீங்க?”

“ஒரு தீர்ப்பு வேணும் டீச்சர்.”

“சொல்லுங்க.”

ஊரிலிருந்த பழைய கிரிக்கெட் கிளப்புக்கு அது எழுபத்தைந்தாவது வருடம். அத்தனை காலமும் ஆடியவர்களிலிருந்து பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்து, எக்காலத்துக்கும் சிறந்த அணி என்று விழாவில் அறிவிப்பதாக ஏற்பாடு. பத்துப் பேரில் தகராறு இல்லை. முதலில் இறங்கி ஆடுகிறவர் ஒருவருக்கான இடம்தான் பாக்கி.

அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லாசரஸ் மச்சாது. கயிற்றுப் பாய் விரித்த பிட்சில், தலையில் ஹெல்மெட் இல்லாமல் ஆடியவர். இறந்து வெகுநாள் ஆகிறது. இன்னொருவர் முத்துச்செல்வன். இப்போதும் ஆடுகிறவர். புல் பிட்ச், ஹெல்மெட், தன் ஆட்டத்தையே வீடியோவில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி எல்லாம் உள்ள காலத்துக்காரர். தேர்வுக் குழுவில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். குழுத் தலைவர் கோமதிநாயகம். அவர் போடுகிற ஓட்டுதான் முடிவு.

“நீங்க யார் பக்கம்?” என்று டீச்சர் கேட்டார்.

“முத்துச்செல்வன்தான். அதுல சந்தேகமே இல்ல.”

“அப்புறம் எதுக்குத் தீர்ப்பு?”

கோமதிநாயகம் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

“அருளப்பன் என்கூடப் பேசுறதில்ல டீச்சர்.”

அருளப்பனை டீச்சருக்கும் தெரியும். கோமதிநாயகமும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிளப். இவர் பேட்டிங், அவர் சுழற்பந்து. ஒருவரைப் பார்த்தால் இன்னொருவர் எங்கே என்றுதான் ஊரில் கேட்பார்கள்.

“என்ன நடந்துச்சு?”

“டீக்கடையில பேச்சு வந்துச்சு. மச்சாதுதான் பெரியவர்னு அவன் ஒத்தக் கால்ல நின்னான். எனக்குக் கோவம் வந்துட்டு. ‘உன் மச்சாது இன்னைக்கு இருந்தா ஸ்கூல் டீம்லகூட எடுக்க மாட்டாங்க’ன்னு சொல்லிட்டேன். பாதி டீயை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போனவன்தான். ரெண்டு மாசம் ஆச்சு.”

டீச்சர் பையை வாங்கி, சிக்கிய ஜிப்பை இழுத்து மூடினார்.

“அவன் சொல்றது தப்புன்னு நீங்க சொல்லுங்க. உங்க பேச்சை அவன் கேப்பான். இல்ல, நான் சொல்றதுதான் தப்புன்னாலும் சொல்லுங்க. ரெண்டு பேர்ல யாரு பெரியவர்?”

“நான் அம்பயர் அண்ணாச்சி. என் கண்ணு முன்னால விழுற பந்துக்குத்தான் தீர்ப்பு சொல்லுவேன். மச்சாது ஆடி நான் பார்த்ததில்ல. நீங்க பார்த்திருக்கீங்க. சொல்லுங்க, கேக்கேன்.”

டீச்சர் பிட்சை உருட்டும் ரோலரின் மேல் உட்கார்ந்துகொண்டார். கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார்.

“மச்சாதுவோட சராசரியை எடுத்துக்கிட்டா...”

“சராசரி வேண்டாம். நீங்க பார்த்த ஒரு ஆட்டம்.”

அவர் சற்று யோசித்தார்.

“மதுரையிலிருந்து ஒரு டீம் வந்திருந்தது. அதுல ஒரு வேகப்பந்துக்காரன், ஆள் பனைமரம் மாதிரி. பாய்ல விழுந்த பந்து எகிறி மச்சாதுவோட தாடையில அடிச்சிட்டு. வாயெல்லாம் ரத்தம். கர்ச்சீப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டு திரும்பவும் நின்னாரு. அவன் அடுத்ததையும் அதே இடத்துல போட்டான். மச்சாது ஒரு இஞ்சு பின்னால போகல டீச்சர். அப்படியே திரும்பி ஒரே அடி. சுவரைத் தாண்டி, ரோட்டுல போன உப்பு லாரியில விழுந்துட்டு. லாரிக்காரனுக்குத் தெரியல, அவன்பாட்டுக்குப் போறான். வேற பந்து கிடையாது. ஆட்டமே நின்னு போச்சு. லாரிக்குப் பின்னாலயே ஓடினோம், ரயில்வே கேட் வரைக்கும். கேட் மூடியிருந்ததால பந்து கிடைச்சுது.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரும் சிரித்தார்.

“ஓடினோம்னா, யார் யாரு?”

“நானும் அருளப்பனும்.”

“சரி. முத்துச்செல்வன் ஆட்டம் ஒண்ணு சொல்லுங்க.”

“சென்னை டீமோட ஆடினது. ஒன்பது விக்கெட் போயிட்டு. கூட நின்னவனுக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாது. முத்துச்செல்வன் அவனை ஒரு பந்துகூட ஆட விடல. கடைசி ஓவர், கடைசிப் பந்து, நாலு ரன் வேணும். என்னால பார்க்க முடியல. கண்ணை மூடிக்கிட்டேன். சத்தம் கேக்குது. என் தோளைப் பிடிச்சு ஒரு கை உலுக்குது. ‘ஏல கோமதி, கண்ணைத் தொறலே, போகுது பாரு, போகுது பாரு!’ங்கான். கண்ணைத் தொறந்தா பந்து கோட்டைத் தாண்டுது. அவன் அழுதுக்கிட்டே குதிக்கான்.”

கோமதிநாயகம் நிறுத்தினார்.

“அருளப்பன்தான்” என்றார் அவரே.

மைதானத்தின் மறுபக்கம் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள்.

“அருளப்பன் அண்ணாச்சி வீடு எங்க இருக்கு?”

“திரேஸ்புரம்.”

“பக்கந்தான்” என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டார்.

கோமதிநாயகம் தனியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு திரேஸ்புரம் போனார். கதவைத் தட்டினார். திறந்த அருளப்பன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு கண்ணுக்குமேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

“என்னல இது?”

“கண்ணுல புரை. ஆபரேஷன் முடிஞ்சிட்டு.”

“எப்ப?”

“நேத்து.”

“ஒரு வார்த்தை சொல்லலியே?”

“பேசுற ஆளுக்குத்தானே சொல்ல முடியும்?”

கோமதிநாயகம் வாசலிலேயே நின்றார். அருளப்பன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. சற்றுப் பொறுத்துக் கோமதிநாயகம் உள்ளே போனார்.

“தனியாவா ஆஸ்பத்திரிக்குப் போன?”

“மருமவன் வந்தான்.”

கோமதிநாயகம் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அருளப்பன்தான் ஆரம்பித்தார்.

“நான் எத்தனை வருசம் பந்து போட்டேன்? பெரிசா என்ன கிழிச்சேன்? ஒண்ணுமில்ல. ஆனா மச்சாதுவை ஒருதரம் அவுட்டாக்கியிருக்கேன். மேட்ச்கூடக் கிடையாது, நெட் பிராக்டீஸ்லதான். அவரு மட்டையைக் கக்கத்துல வச்சிக்கிட்டு ரெண்டு கையையும் தட்டினாரு. அவரு ஸ்கூல் டீமுக்குக்கூட லாயக்கில்லன்னு நீ சொன்னா, அப்புறம் எங்கிட்ட என்னல மிச்சம் இருக்கு?”

மேசைமேல் ஆஸ்பத்திரிக்கு வாங்கிப் போன சாத்துக்குடிகள் மீதி இருந்தன. கோமதிநாயகம் ஒன்றை எடுத்து அருளப்பன் கையில் வைத்தார்.

“அந்தப் பந்தை எப்படிப் போட்ட? காட்டு.”

அருளப்பன் பழத்தை விரல்களுக்கிடையே உருட்டினார். ஆள்காட்டி விரல் ஓர் இடம் தேடி நின்றது.

“இப்படிப் பிடிச்சேன். அவரு வெளிய போகும்னு நினைச்சாரு. உள்ள வந்துட்டு.”

“இதை முத்துச்செல்வனுக்குப் போட்டிருந்தா இறங்கி வந்து தூக்கியிருப்பான்.”

“அவன் இறங்குவான்ல. ஸ்டம்பிங் ஆவான்.”

“ஆவ மாட்டான்.”

“ஆவான்லே!”

சமையலறையிலிருந்து அருளப்பனின் மனைவி எட்டிப் பார்த்தார். “டாக்டர் சத்தம் போடக் கூடாதுன்னுருக்காரு” என்றார். பிறகு இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

சில நாள் கழித்து நடந்த விழாவில் கோமதிநாயகம் ஓட்டுப் போடவில்லை. “காசைச் சுண்டுங்க” என்று சொல்லிவிட்டார். கண்ணில் கட்டோடு வந்திருந்த அருளப்பன் முன்னால், மேடையிலேயே சுண்டினார்கள். இடம் முத்துச்செல்வனுக்குப் போனது. பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் கூச்சல் போட்டார்கள். பிரியாணிப் பந்திக்குக் கூப்பிட்டதும் எல்லாரும் எழுந்து போனார்கள்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவரைக் கூப்பிட்டார்.

“நீங்க நினைச்ச ஆளே வந்தாச்சு. சந்தோஷம்தானா?”

“எங்க டீச்சர்! அருளப்பன் அந்த டாஸே செல்லாதுங்கான். காசு சரியாச் சுத்தலையாம்.”

“ஒரு கண்ணுல கட்டோட பார்த்தாரா?”

“அதையேதான் நானும் கேட்டேன். அதுக்கும் சண்டைக்கு வாரான்.” கோமதிநாயகம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “கண்ணுக்குச் சொட்டு மருந்து விட தினம் சாயங்காலம் நான்தான் போறேன். அவன் மச்சாதுங்கான், நான் முத்துச்செல்வன்ங்கேன். அவன் வீட்டம்மாவுக்குக் காப்பி போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போச்சு. இது முடியுற வழியா இல்ல. நீங்களாவது ஒரு முடிவு சொல்லக் கூடாதா டீச்சர்?”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் முடிவு சொல்லிட்டா, நாளைக்கு அங்க போய் என்ன பேசுவீங்க அண்ணாச்சி?”