அரக்கனுக்கு உம் கொட்டியவள்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத நாளில், மரகதபுரி என்றொரு நாடு இருந்தது. பெயரில்தான் பச்சை. ஆறு கிடையாது, ஏரி கிடையாது, அரண்மனை முற்றத்தில் ஒரே ஒரு கிணறுதான். அதுவும் சும்மா கிணறு இல்லை, கதை சொல்லும் கிணறு!

ஒவ்வொரு பௌர்ணமியன்றும் பொழுது சாயும்போது கிணறு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கும். எப்போதும் அதே கதைதான். வீரசிம்மன் என்ற ராஜகுமாரன் குதிரையேறி வருவான். தண்ணீரை ஒளித்துவைத்த கருமுடியான் என்ற அரக்கனோடு சண்டை போடுவான். அரக்கனின் தலையை வெட்டுவான். தலை விழுந்ததும் கிணற்றில் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி விளிம்புவரை ஏறும். அடுத்த பௌர்ணமி வரை ஊருக்கு அதுதான் தண்ணீர்.

கதை என்றால் உம் கொட்ட ஆள் வேண்டுமே! உம் கொட்டாவிட்டால் கிணறு வாயை மூடிக்கொள்ளும். அதனால் மாதம் ஒரு வீட்டுக்கு முறை. முறைக்காரர் கிணற்று மேடையில் உட்கார்ந்து, ராஜகுமாரன் என்ன செய்தாலும் 'உம்' என்று சொல்ல வேண்டும். அரக்கன் என்ன செய்தாலும் ஊரே சேர்ந்து 'தூ' என்று துப்ப வேண்டும். இந்த வழக்கத்தை யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஊரில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். அரண்மனைக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போடுகிறவள். அவள் மட்டும் ஒருநாளும் துப்பியதில்லை. பக்கத்து வீட்டுக் காத்தாயிக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன்டி, நீ அரக்கன் கட்சியா?"

"பின்னே என்னக்கா? கதையை நல்லாக் கேட்டுப் பாரு. ராஜகுமாரன் மூணு நாளா அந்தக் குதிரையை ஓட்டிட்டு வர்றான், ஒரு வாய் தண்ணி வைக்கல. வாயில நுரை தள்ளி நிக்குது. அதுக்குத் தண்ணி வைக்கிறது யாரு? வெட்டுப்படப் போற அரக்கன்தான். எனக்கு அவனைத்தான் பிடிக்குது."

"அடி போடி! என்னமோ அரக்கனுக்கு வாக்கப்பட்டவ மாதிரி!" என்று காத்தாயி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

ஒரு கோடையில் பவளாயிக்கு முறை வந்தது. அந்த வருஷம் வெயிலா அது! வீட்டுக்கு வீடு குடம் காய்ந்து கிடந்தது. கைக்குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் தாயின் தோளில் துவண்டிருந்தன. மேடையில் ஏறி உட்கார்ந்த பவளாயி, அந்தக் குழந்தைகளைப் பார்த்தாள். எதிரே மன்னர் மகுடசேனர் சிம்மாசனத்தில் விசிறிக்கொண்டிருந்தார்.

கிணறு கதையைத் தொடங்கியது. ராஜகுமாரன் புறப்பட்டான். "உம்." காட்டைக் கடந்தான். "உம்." அரக்கன் குதிரைக்குத் தண்ணீர் வைத்தான். ஊர் 'தூ' என்று துப்பியது.

"ராஜகுமாரன் வாளை உருவினான்," என்றது கிணறு.

பவளாயிக்கு உம் வரவில்லை.

"வாளை உருவினான்," என்றது கிணறு மறுபடியும். அவள் கண்ணில் நீர்தான் வந்தது. உம் வரவில்லை.

"என்ன பெண்ணே, தூங்கிவிட்டாயா?" என்று மன்னர் அதட்டினார். "ஊர் தாகத்தில் சாகிறது. கிணறு இன்னும் ஒரே ஒரு முறைதான் சொல்லும். நீ உம் கொட்டாவிட்டால், தலை உருள்வது கதையில் இருக்காது!"

"உருவினான்," என்றது கிணறு மூன்றாம் முறை.

பவளாயி வாயைத் திறந்தாள், மூடினாள். அப்போது கிணற்றுக்குள்ளிருந்து வேறொரு குரல் கேட்டது. கரகரத்த குரல், ஆனால் பதமாகப் பேசியது.

"சொல்லிடு தாயி. உம்முனு சொல்லிடு. உன் தலை ஒருதடவை போனா போனதுதான். எனக்கு மாசாமாசம் பழக்கம்."

கதை பாதியில் நின்றதால் அரக்கனுக்கு முதல்முதலாகப் பேச நேரம் கிடைத்திருந்தது! பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ராஜகுமாரன் கதைதான் ஊருக்கே மனப்பாடம். உன் கதையை நீ சொல்லு. உனக்கு நான் உம் கொட்டுறேன்."

பிறகு அரக்கன் சொன்னான்.

"நான் தண்ணியை ஒளிச்சு வைக்கல தாயி."

"உம்."

"மலைமேல என் ஊத்துக்கு யாரு வந்தாலும் நானே அள்ளிக் குடுப்பேன்."

"உம்."

"ஒரு மந்திரவாதி அந்த ஊத்துக்கு ஆசைப்பட்டான். நான் விடல. ஊத்தோட சேர்த்து என்னை இந்தக் கதையில அடைச்சு, உங்க பழைய ராஜாகிட்ட வித்துட்டான். கதையில கெட்டவன் நீதான், உன் பேச்சுக்கு மூணு தடவை உம் விழுந்தா உனக்கு விடுதலைன்னான். எவன்டா கொட்டப் போறான்னு சிரிச்சுட்டே போயிட்டான்."

"உம்!" என்றாள் பவளாயி. கூடவே இன்னொரு உம் கேட்டது. திரும்பினால், காத்தாயி! முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அப்புறம் ஊரே உம் கொட்டியது.

படாரென்று கிணறு திறந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டது. அதன் நடுவே கருமுடியான் ஏறி வந்தான். அழகான ராஜகுமாரனாக மாறினானா என்று கேட்காதீர்கள். அதே கோரைப்பல், அதே சடைமுடி, தோளெல்லாம் பாசி. ஊருக்குத்தான் இப்போது அவனைப் பார்த்துப் பயம் வரவில்லை. அவனுக்குப் பின்னால் வீரசிம்மன், வாளைத் தூரப் போட்டுவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "ரொம்ப நன்றிம்மா. எனக்கும் வெட்டி வெட்டிக் கை விட்டுப்போச்சு," என்று பவளாயியைக் கும்பிட்டான்.

மன்னர் மகுடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "பவளாயி, உன்னை மிரட்டிய வாய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி என் லாயம் முழுவதும் உன் பொறுப்பு," என்றார். பிறகு அரக்கனைப் பார்த்தார். "உமக்கு நான் என்ன தருவது? பாதி நாடு கேட்டாலும் தருகிறேன்."

"நாடெல்லாம் எதுக்கு ராஜா?" அரக்கன் கூச்சத்தோடு பவளாயியைப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும் தாயி. தலை விழுந்த பிறகு எனக்கு ஒண்ணும் கேட்டதில்ல. அதுக்கப்புறம் கதையில என்ன நடக்கும்?"

பவளாயி சொன்னாள். "அதுக்கப்புறம் கதை இல்லீங்க. நாங்க எல்லாரும் வந்து தண்ணி மொண்டுக்குவோம். பிள்ளைங்க இங்கயே நின்னு குடிக்கும். வீட்டுக்கு வீடு உலை வைப்போம்."

"எல்லாருக்கும் பத்துச்சா?"

"வயிறாரக் குடிச்சோம் சாமி. உங்களுக்குத்தான் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்ல."

கருமுடியான் கோரைப்பல் தெரியச் சிரித்தான். "அப்போ நல்ல முடிவுதான்!" என்றான்.

ஊரே கைகூப்பி நின்றது. அன்றுமுதல் மரகதபுரியில் தண்ணீர் வற்றவே இல்லை. அங்கே அவர்கள் நன்றாக இருந்தார்கள், கதை கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்.