சீராகப் போன செம்மண்

ஒரு ஆறு, அந்த ஆத்துல ஒரு வளைவு. வளைவோட வெளிக்கரையில செங்கோடன்னு ஒருத்தன். அவனுக்குச் செம்மண் காடு ஒண்ணு, பாவாயின்னு மக ஒருத்தி. அவளை அதே கரையில, கீழே அடுத்த வளைவுல, ஆடு மேய்க்கிறவனுக்குக் கட்டிக் கொடுத்தான். அங்கே வெறும் பாறை.

"சீரா ஒரு துண்டு நிலம் கொடுங்கப்பா. ஒரு கொடி நட்டுக்கக்கூட மண்ணில்ல"ன்னு அவ கேட்டா.

"ஒரு பிடி மண்ணு தரமாட்டேன்"னுட்டான். கதை கேக்குறியா? ம் சொல்லு.

"ம்."

அப்புறம், இன்னும் ஒரு சால் உழலாமேன்னு கரையில இருந்த நாணலை வேரோட வெட்டிட்டான். கெட்டிக்காரன்.

அப்போ மழை வந்துச்சு. ஆறு திரும்புறப்போ வெளிக்கரையிலதான் வேகமா மோதும், சளார் சளார்னு. அந்தப் புதுச் சால் பொதக்குன்னு விழுந்துச்சு. முள்ளு வெட்டிப் போட்டான். அடுத்த வெள்ளம் முள்ளை அள்ளிக்கிட்டு, எல்லைக்கல்லையும் கடகடன்னு உருட்டிக்கிட்டுப் போச்சு. கல்லைக் குவிச்சான். மூணாவது வெள்ளம் கல்லுக்கு அடியில பறிச்சுது. பாதிக் காடு போச்சு.

எதிர்க்கரையில நல்லான்னு ஒருத்தன். அவன் பக்கம் புதுசா ஒரு மணல் திட்டு சேர்ந்திருந்துச்சு. "என் மண்ணைக் கொடுடா"ன்னு செங்கோடன் போய் நின்னான்.

"உங்களுதுன்னா அள்ளிக்கங்க மாமா. ஆனா இது வெள்ளையா இருக்கே? மேலே யாரோ தொலைச்சது போல"ன்னான் நல்லான்.

அப்புறம் செங்கோடன் ஒரு கூடையை எடுத்துக்கிட்டுத் தன் கரையோரமாவே கீழே தேடிப் போனான். ஆறு வேகமா ஓடுறப்போ எல்லாத்தையும் தூக்கும். வேகம் குறையற உள்வளைவுல இறக்கி வைக்கும். பெரிய கல்லு முதல்ல, அப்புறம் சரளை, அப்புறம் மணல், கடைசியா வண்டல். முழிச்சிருக்கியா?

"ம்..."

அடுத்த வளைவுல அதே கரைதான் உள்வளைவு. அவன் மண்ணு அங்கே அப்படியே வரிசையா, செவப்பா இறங்கிக் கிடந்துச்சு. அவனோட எல்லைக்கல்லு மேல பாவாயி தொப்பு தொப்புன்னு துணி துவைச்சுக்கிட்டிருந்தா. பின்னால வண்டல்ல வெள்ளரிக்கொடி ஓடுது.

"வாங்கப்பா. மண்ணு அள்ளவா வந்தீங்க? தாராளமா அள்ளிக்கங்க. மேட்டுல சுமந்துக்கிட்டு ஏறணும், பார்த்து."

அவன் மண்ணைப் பார்த்தான். வந்த வழியைப் பார்த்தான்.

"இல்லம்மா. வெள்ளரிக்கா வாங்கத்தான் கூடை"ன்னான்.

அவ கூடை நிறையப் பறிச்சுக் கொடுத்தா. அவன் வீட்டுக்குப் போனதும் மிச்சக் காட்டுக் கரையில நாணல் நட்டான். அப்புறம் ஊரெல்லாம், "மகளுக்குப் பாதிக் காட்டைச் சீராக் கொடுத்தேனாக்கும்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். பாவாயியும் மறுக்கல. "அப்பாதான் கொடுத்தாரு. ஆறு சும்மா சுமந்துக்கிட்டு வந்துச்சு"ன்னா.

ஆறு சுமையை இறக்கியாச்சு. நீயும் தலையை இறக்கு, கண்ணை மூடு.