மூன்று மழைக்காலத் தவளைகள்

திண்டுக்கல்லில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அங்கே ஒரு குரு, ஒரு சீடர். குரு ஸ்டெல்லா மேரிக்கு முப்பது வயதுதான். சீடர் வெள்ளைச்சாமி மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா வீட்டில் இருந்தால் மனைவியோடு சண்டை வருகிறது என்று தொழில் கற்க வந்துவிட்டார். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று, தெருவில் உடைத்துப் போட்ட பூசணிக்காய்களைத் தாண்டிக்கொண்டு ஒரு அம்மாள் சிபியு பெட்டியைச் சுமந்து வந்தார். பெயர் செங்கமலம். கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை.

"ஆன் பண்ணா ஹார்ட் டிஸ்க் இல்லைன்னு வருதுங்க."

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"தவளைச் சத்தம்."

வெள்ளைச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"சிறுமலை அடிவாரத்துல ஒரு குட்டை. மூணு மழைக்காலம் அங்க உக்காந்து பதிவு பண்ணினேன். என் பிஎச்.டி.யே அதுதான். இப்ப அந்தக் குட்டையை மூடிட்டாங்க."

"காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கேன்," என்றார் செங்கமலம். பிறகு குரல் இறங்கியது. "அதே டிஸ்க்ல."

படித்தவர், படிக்காதவர் எல்லாரும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

"நீங்க பாருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா வேறொரு வேலையில் உட்கார்ந்தார்.

வெள்ளைச்சாமி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். செங்கமலம் ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெள்ளைச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். குருவை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், ஒரு டிஸ்க் செத்துப்போச்சுன்னு எப்ப முடிவு பண்ணலாம்?"

"ஏண்ணே, செத்துப்போச்சா?"

"ஆன் பண்ணதும் வர்ற பயாஸ் திரையில பேரே வரல. கேபிளை மாத்தினேன், பிரயோஜனம் இல்ல. வேற மெஷின்ல போட்டேன், அதுவும் இல்லைங்குது. காதுல வெச்சுக் கேட்டா சுத்துற சத்தமே காணோம். டிஸ்க் அடியில இருக்கற போர்டைக் கழட்டிட்டு வேற போர்டு போட்டுப் பாப்போம். வந்தா வருது, போனா போகுது."

"போனா?" என்று கேட்டார் செங்கமலம்.

வெள்ளைச்சாமியின் கை திருப்புளியைத் தேடியது.

ஸ்டெல்லா எழுந்து வந்து திருப்புளியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். டிஸ்க்கை அவர் பார்க்கவே இல்லை. எதிர்க்கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு, செங்கமலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பூஜை எல்லாம் நல்லா நடந்துச்சாக்கா?"

"நடந்துச்சும்மா."

"எங்கம்மா மாதா படத்துக்குப் பூ வாங்குனா, என் லேப்டாப்புக்கும் ஒரு முழம் சேத்து வாங்கும். உன் சோறு அதுலதானே இருக்குங்கும்."

செங்கமலம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. டீ வந்தது. ஒரு வாய் குடித்தார்.

"நானும் வெச்சேன்," என்றார். "பெட்டிக்கு வெளிய மட்டும் பொட்டு வெச்சாப் பத்தாதுன்னு தோணுச்சு. உழைப்பெல்லாம் உள்ளதானே இருக்கு? திறந்து அந்த டிஸ்க்குக்கும் சந்தனம் வெச்சேன். தண்ணியாக் கரைச்சிட்டேன் போல, வழிஞ்சிருச்சு. மறுநாள் ஓடலைன்னதும் ஈரத்துணி போட்டுத் துடைச்சிட்டேன். சயின்ஸ் சொல்லிக் குடுக்கறவ, இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு."

வெள்ளைச்சாமியின் வாய் திறந்தது. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டது.

ஸ்டெல்லா டார்ச் அடித்துக் காட்டினார். கேபிள் மாட்டும் இடத்தில், வரிசையாக இருக்கும் பித்தளை நிறத் தகடுகளின் மேல் மெல்லிசாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது என்று வெள்ளைச்சாமி நினைத்திருந்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஸ்டெல்லா துடைக்கத் துடைக்க, சாலிடர் ஈயத்தின் வாசனை மட்டுமே தெரிந்த அந்தக் கடையில் சந்தனம் மணத்தது. நன்றாகக் காயவிட்டார்.

"மாட்டுங்கண்ணே."

வெள்ளைச்சாமி மாட்டினார். ஸ்விட்சைப் போடுமுன் கேபிளை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். மில்லில் எத்தனையோ பெரிய மோட்டாரை ஓட்டியவர்.

மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்தது. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது.

"இருக்கு," என்றார் வெள்ளைச்சாமி. "டீச்சர், இருக்கு."

ஸ்டெல்லா முதல் வேலையாக எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் ஏற்றினார். ஏறி முடிந்ததும் செங்கமலம் அதில் ஒரு ஃபைலைத் திறந்தார். வெள்ளைச்சாமி ஸ்பீக்கரைக் கடைசிவரை திருகி வைத்தார்.

முதலில் மழை. பிறகு ஒரு தவளை. அதற்குப் பதில் சொல்லி இன்னொன்று. அப்புறம் ஒரு குட்டை முழுக்கக் கத்தியது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு ரோட்டைக் கடந்து வந்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். செங்கமலம் கண்ணைத் துடைத்தபடி, இது ஆண், பெண்ணைக் கூப்பிடுகிறது, அது ஆள் வந்தால் போடும் சத்தம் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மத்தியானம் அந்தத் தெருவில் அவரைப்போல் சந்தோஷமானவர் வேறு யாரும் இல்லை.

கூட்டம் கலைந்தபின் வெள்ளைச்சாமி குருவின் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஒண்ணு விடாமக் கேட்டேனே டீச்சர். பயாஸைக் கேட்டேன், கேபிளைக் கேட்டேன், இன்னொரு மெஷினையும் கேட்டேன்."

"அதுகளுக்குத் தெரிஞ்சதை அதுக சொல்லிருச்சுண்ணே," என்றார் ஸ்டெல்லா. "தெரிஞ்சவங்க ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க."