குப்பியில் இருந்த நோய்

கொல்லைப்புறத்தில் அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. துருப்பிடித்த கீலை யாரோ மெல்லத் திருகுவது போல ஒரு முனகல். நின்றது, மீண்டும் தொடங்கியது. ஷெர்லின் தூங்கும் பிள்ளையின் மேல் கையை வைத்தபடி கதவையே பார்த்தாள். கணவன் ஜெபின் கப்பலில் இருக்கிறான். இருட்டிய பின் அந்தக் கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவன். வெளியே காவலுக்கு ஆண்நாய் பைலட் உண்டு. பிறகு ஏன் குரைக்கவில்லை?

கட்டிலடியில் பெண்நாய் டாலி, ஒரு மாதச் சினை. விடிந்தால் அதற்குப் புற்றுநோய் மாத்திரை தொடங்க வேண்டும். கொடுத்தால் வயிற்றிலுள்ள மூன்று குட்டிகளும் தங்காது. கொடுக்காவிட்டால் தாய் தங்காது என்கிறார் கால்நடை டாக்டர் கிருபாகரன்.

பதினைந்து நாளுக்கு முன் டாலியின் சிறுநீரில் இரத்தம் கண்டது. டாக்டர் கிருமிக்கு ஊசி போட்டார். கையில் ஒரு குப்பியும் கொடுத்தார். "சிறுநீர்ப்பையில புற்று இருந்தா அந்தச் செல்லெல்லாம் சிறுநீர்ல உதிரும்மா. மாறிப்போன மரபணு இருக்கான்னு பார்த்துருவோம்."

இடுப்பில் பிள்ளையோடு நாயின் பின்னால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு ஓட முடியுமா? டாலி கொல்லையில் குந்தி எழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து, சிமெண்டுத் தரையின் பள்ளத்தில் தேங்கியதைச் சிரிஞ்சால் உறிஞ்சிக் குப்பியில் விட்டாள். பைலட் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தான். டாலி போன இடத்திலெல்லாம் போய்க் காலைத் தூக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "டாலி கையெழுத்து, பைலட் மேலொப்பம்" என்று ஜெபின் சிரிப்பான்.

முடிவு வந்தது: மாறிய மரபணு இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் டாலியின் சிறுநீர்ப்பை சுத்தம். இரத்தமும் ஊசியோடு நின்றுவிட்டது.

"மரபணு பொய் சொல்லாதும்மா. ஸ்கேன்ல தெரியுற வரைக்கும் காத்திருந்தா பிந்திரும். நாளைக்கே தொடங்கணும்" என்றார் டாக்டர்.

"அங்க லேப்ல குப்பியை மாத்தியிருப்பானுவ புள்ள. தாளைக் கிழிச்சுப் போடு" என்றான் ஜெபின், போனில்.

"இன்னொரு தடவை பார்க்காம நான் மாத்திரை குடுக்க மாட்டேன்" என்றாள் ஷெர்லின்.

குப்பி மாறவில்லை. ஸ்கேனும் தவறவில்லை. இந்த மூவரில் யார் சொன்னது சரி? வெளியே முனகுவது யார்?

விடை: மரபணு பொய் சொல்லாது என்ற மட்டில் டாக்டர் சரி, ஆனால் அது யாருடையது என்று மரபணுவை அவர் கேட்கவில்லை. ஷெர்லின் தொட்டிலுக்குப் போய்வந்த நேரத்தில் பைலட் மேலொப்பம் போட்டுவிட்டான். குப்பியில் இருந்தது இரண்டு நாய்களின் சிறுநீர்; மாறிய மரபணு பைலட்டுடையது. ஆக, மாத்திரை கொடுக்கப் பயந்தவள் சொன்னதே சரி. மூன்றாம் முறை முனகல் கேட்டபோது அவளுக்கே அது விளங்கியது. கதவைத் திறந்தாள். விளக்கடியில் பைலட் காலைத் தூக்கியபடி நடுங்கி நின்றான். சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. "என்கிட்டச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் கூப்பிட்டியாடா?" என்று கழுத்தைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். காலையில் அவனுக்கென்று தனிக் கிண்ணம், தனிக் குப்பி என்று முடிவெடுத்தாள். மாத்திரைப் பொட்டலத்தை டாலிக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, கதவை உள்ளிருந்து தாழிட்டாள்.