அடைபட்ட பேலட்

கதிரேசன் இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பவில்லை.

துறைமுகத்தில் தலை நரைத்தவர் அவர். சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டின் வாயை ஆணியடித்து அடைக்கிற மடையன் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி.

"அந்த மடையன் நான்தான்" என்பார் கதை சொன்ன வேலாண்டி.

வேலாண்டி தையல்காரர். மனைவி இறந்துபோனபின் கடையை மூடிவிட்டு, துறைமுகத்துக்கு வெளியே ஒரு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு குரு இருந்தார். பகலில் பேலட் அடிப்பார். சாயங்காலம் யாராவது வந்து உட்கார்ந்தால் பேசுவார். வராவிட்டால் சும்மா இருப்பார்.

கப்பலைப் பார்க்க ஊரே வரும். சரக்குக்கு அடியில் கிடக்கும் பேலட்டை யார் பார்க்கிறார்கள்? மேலே பலகை, கீழே பலகை, நடுவே சில கட்டைகள். கட்டைகளுக்கு இடையில் வெறும் இடம்.

"சாமி, உள்ளே காலியா இருக்கு" என்றார் வேலாண்டி.

"எங்கே?"

வேலாண்டி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "வீட்டுல ரேடியோவைச் சத்தமா வச்சுப் பார்த்தேன். ஊர் ஊராப் போய்ப் பார்த்தேன். அடைய மாட்டேங்குது."

"அடைக்கணுமோ?"

"அடைக்கணும் சாமி."

குரு ஒரு பேலட்டை இழுத்துப் போட்டார்.

"முதல்ல இதை அடைச்சுக் காட்டும். நாலு பக்கமும் காலியாக் கிடக்கு, பாரும்."

வேலாண்டி பலகை அறுத்தார். ஆணி அடித்தார். தையல்காரன் கை. எறும்பு நுழைய இடமில்லை. மனைவி போனபின் அன்றுதான் பசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அதன்மேல் உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள். குருவும் கைகொடுத்தார். மற்ற பேலட்டுகளிலும் மூட்டைகள் ஏறின.

ஃபோர்க்லிஃப்ட் வந்தது. தன் இரும்புக் கைகளை ஒவ்வொரு பேலட்டுக்குள்ளும் விட்டு, தூக்கி, லாரியில் வைத்தது. வேலாண்டியின் பேலட்டுக்கு முன்னால் நின்றது.

ஓட்டுநர் இறங்கிக் குனிந்து பார்த்தான்.

"எந்தப் புண்ணியவான்வே இதை அடைச்சது?"

மூட்டை ஏற்றியவர்கள் எல்லோரும் வேலாண்டியைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் அடைச்சிருக்கீரு அண்ணாச்சி. நான் எதுக்குள்ள விட்டுத் தூக்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். லாரி போய்விட்டது. கப்பலும் காத்திருக்காது. அந்த ஒரு அடுக்கு மட்டும் வெயிலில் நின்றது.

வேலாண்டி அதன் பக்கத்தில் நின்றார். குரு வந்தார்.

"இப்போ காலி இல்லையே. சந்தோஷம்தானே?"

வேலாண்டி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பலகைகளைப் பெயர்த்தார். கடைசிப் பலகை வந்ததும் அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். காற்று இருந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதார்.

கதை இவ்வளவுதான்.

கதிரேசனுக்கு ஆயிரம் சந்தேகம். பேலட் அடித்துப் பிழைக்கிறவர் ஒரு லோடைக் கெடுக்க விடுவாரா? உப்புக்காரன் சும்மா இருந்திருப்பானா? இப்படி ஒரு குரு இருந்தாரா? ஒருவேளை, தனியாகக் கிடந்து கிடந்து வேலாண்டியே முடைந்த கதையோ?

எதையும் கேட்கவில்லை. கேட்டு, பொய் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

பிறகு கதிரேசனின் மகள் தன் அம்மாவை வெளியூருக்கு அழைத்துக்கொண்டு போனாள், பேரனைப் பார்த்துக்கொள்ள. ஒரு மாதம் என்றார்கள். மனைவி திரும்பவில்லை. ஃபோனில் பேசும்போதும் பேரனோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் டிவி நாள் முழுக்க ஓடியது.

ஒரு மத்தியானம் டிவியை அணைத்துவிட்டு வேலாண்டியின் வீட்டுக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது. வேலாண்டி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாரும். சாப்பிடுதீரா?"

கதிரேசன் உட்காரவில்லை. கதை நிஜமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"வேலாண்டி, பலகையைப் பெயர்த்தீரே... அதுக்கு அப்புறம் உள்ளே யாராவது வந்தாங்களா?"