கண்ணைக் கட்டிக்கொண்டு மாடல் சொன்ன பொங்கியண்ணன்

பொங்கியண்ணனுக்கு உண்மையிடம் மரியாதை அதிகம். அதனால் அதன் பக்கத்திலேயே போக மாட்டார். கிணத்துக்கடவில் ஆறுச்சாமியின் டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஒர்க்‌ஷாப். ஊரிலேயே பெரிய மெக்கானிக் தான்தான் என்பார். அவர் கையில் ஸ்பேனரை நாங்கள் பார்த்ததில்லை, டீ கிளாஸைத்தான் பார்த்திருக்கிறோம்.

அன்றைக்கு அவரிடம் வந்து மாட்டியவர் நாச்சிமுத்து. வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில், துரை பங்களாத் தோட்டத்துக்கென்று வந்த பழைய குட்டி டிராக்டரை வாங்கி, படாத பாடுபட்டு ஓட வைத்திருந்தார். மறுநாள் கோயமுத்தூரில் பழைய வண்டிக் கண்காட்சி. மச்சினனின் கார் அங்கே நிற்கப்போகிறது. அதன் பக்கத்தில் தன் டிராக்டரும் நிற்கும் என்று மாமியார் வீட்டில் வாய் விட்டுவிட்டார். ஆனால் அசல் மாடல் என்னவென்று சாயங்காலத்துக்குள் சொன்னால்தான் உள்ளே விடுவார்களாம். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பெயிண்ட் அடித்து அடித்து, மாடல் பொறித்த தகடு எங்கே என்றே தெரியவில்லை.

தனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி என்றார் பொங்கியண்ணன். பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு டிராக்டர் இருமினால், இங்கே படுத்தபடியே அது எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுவாராம். அவ்வளவு தூரம் காது கேட்குமா என்று ஆறுச்சாமி கேட்டார். எதிர்க்காற்று அடித்தால் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே ஆகலாம் என்று பொங்கியண்ணன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

அடுத்தது ஆயிலை நக்கிப் பார்க்கும் வித்தை. ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், வண்டி செய்த நாடு, பட்டறை, அன்றைக்கு அங்கே மத்தியானச் சாப்பாடு என்ன என்பது வரைக்கும் தெரிந்துவிடும். ஒருமுறை நக்கியதில், போல்ட்டு முடுக்கியவன் பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்ததே தெரிந்ததாம்.

"அந்தக் கோவம் போல்ட்டுல எறங்கியிருச்சுங்க. நாலு பேரு திருகியும் கழரலை."

"எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சுங்ணா" என்றார் ஆறுச்சாமி.

பெயிண்டைச் சுரண்டினால் தகடு கிடைக்குமா என்று நாச்சிமுத்து பாவமாகக் கேட்டார். பொங்கியண்ணன் பதறிப்போனார். உடுமலையில் ஒருத்தர் அப்படித்தான் சுரண்டினாராம். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சிவப்பு. சுரண்டச் சுரண்ட வண்டி கன்றுக்குட்டி அளவாகி, பூனைக்குட்டி அளவாகி, கடைசியில் வண்டியே இல்லை. அத்தனையும் பெயிண்ட். அப்புறம் உழவுக்கு என்ன செய்தார் என்று கேட்டோம்.

"தூளைக் கூட்டி ஒரு மூலையில குமிச்சு வெச்சாருங்க. பழக்கதோசம், அதுவே கெளம்பிப் போயி ரெண்டு ஏக்கரா உழுதுபோட்டு வந்துருச்சு."

நாச்சிமுத்துக்கு அழுகை வராத குறை. "நேரமாகுதுங்ணா. வெளிய தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருக்கறேன். பாத்து ஒரு பேரைச் சொல்லுங்க, போதும்."

"பாத்துச் சொல்ல ஊருக்குள்ள ஆயிரம் பேரு இருக்கறாங்க. பாக்காமச் சொல்றவன் நானொருத்தன்தான்."

சொன்னவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டுத் தானே நடந்தார். வாசலில் தார்ப்பாய் போர்த்திய உருப்படிகள் இரண்டு நின்றன. அவர் எதை நோக்கிப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இப்படியொரு பாக்கியம் தினமுமா கிடைக்கும்?

தார்ப்பாய்க்குள் கையை விட்டுத் தடவினார். பல்சக்கரம் கையில் பட்டதும் அவருக்கு உடம்பே சிலிர்த்தது.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு மாடல். சீமையில ஒரு மகாராணியோட ரோசாத் தோட்டத்துக்குன்னே ஒண்ணே ஒண்ணு செஞ்சாங்க. அந்தம்மா வளையல் உரசுன தடம் இன்னும் இருக்குது."

டீக்கடை வாசலிலேயே வியாபாரம் பார்க்கும் பாப்பாத்தியக்கா வந்து தார்ப்பாயை விலக்கினார். உள்ளே இருந்தது அவருடைய கரும்பு ஜூஸ் மெஷின்.

துண்டை அவிழ்த்துப் பார்த்த பொங்கியண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. அசல் மாடலைத்தானே கேட்டீர்கள், மகாராணி கண்ணை மூடியதும் எவனோ அதைக் கரும்பு மெஷினாக மாற்றிவிட்டான் என்றார்.

"போன மாசந்தானுங்ணா புதுசா வாங்கினேன்" என்றார் பாப்பாத்தியக்கா.

அந்த நேரம் பார்த்துக் கண்காட்சிக்காரர்களின் போன் வந்தது. நாச்சிமுத்து பொங்கியண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"என்ன மாடல்னு இன்னும் தெரியலைங்க. கரும்பு மெஷின் இல்லைங்கறது மட்டும் உறுதியாயிருச்சு."